வன்னியில் பாசிகளை இனங்காணல்: காய்ந்த கோலத்திலிருந்து வித்திக்கலன் வரை

வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை பெய்யும் வட இலங்கையின் வன்னியில், பாசி (சிறு தண்டும் இலையும் உள்ள நிலத்தாவரம்) தேடிப் போக நல்ல காலம் கார்த்திகை நடுவிலிருந்து மாசி முடியும்வரை. முதல் மழைக்கே மதில்களும் கிணற்றுக் கட்டுகளும் பச்சையாகிவிடும். ஆனால் பெயர் சொல்ல உதவும் வித்திக்கலன்கள் (பாசி பரவ உதவும் நுண்ணிய வித்திகள் நிறைந்த கலன்கள்) காம்பு நீட்டி எழும்பப் பெரும்பாலும் இன்னும் சில கிழமைகள் எடுக்கும். ஆகவே பச்சையைக் கண்டவுடன் பிய்த்தெடுக்காமல் இடத்தைக் குறித்து வைத்துவிட்டு, மார்கழியிலும் மாசியிலும் அதே இடத்துக்கு மறுபடி போய்ப் பாருங்கள்.

மலைநாட்டுப் பாசிகளை வைத்து எழுதிய குறிப்புகள் இங்கே அரைவாசிதான் கைகொடுக்கும். அங்கே பாசி ஆண்டின் பெரும்பகுதியும் நனைந்து விரிந்தே இருக்கும். வன்னிப் பாசியோ சோளகக் காற்று வீசும் மாதங்களில் காய்ந்து சுருங்கிக் கறுத்துக் கிடக்கும். நீர் பட்டால் சில நிமிடங்களிலேயே பச்சை திரும்பும். காயும்போது ஒவ்வொரு சாதியும் (நெருங்கிய இனங்களின் தொகுதி) இலையைத் தன் விதத்தில் மடிக்கும். ஒன்று குழாயாகச் சுருட்டும், ஒன்று திருகும், ஒன்று தண்டோடு ஒட்டி அடங்கும், இன்னொன்று அசையவே அசையாது. வன்னியில் பாசி பார்ப்பவருக்கு இதுவே முதல் அடையாளம். எந்தப் பாசியானாலும் முதலில் காய்ந்தபடியே பாருங்கள், பிறகு நனையுங்கள். ஒழுங்கு மாறினால் பாதி அடையாளம் அந்த இடத்திலேயே போய்விடும்.

கையில் இருக்க வேண்டியவை

10 மடங்கு பெருக்கும் கைவில்லை கட்டாயம். 20 மடங்கு வில்லையும் இருந்தால் வித்திக்கலனின் பற்களையும் இலை நுனியில் இருக்கும் துகள்களையும் தெளிவாகக் காணலாம். புதிதாகத் தொடங்குவோர் பலர் பாசிக்கு மேலே வில்லையைப் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். அப்படி எதுவும் தெரியாது. வில்லையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கையைக் கன்னத்தில் ஊன்றி, பாசியை வில்லைக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டும். 10 மடங்கு வில்லைக்கு ஏறத்தாழ இரண்டரைச் சென்ரிமீற்றர் தூரத்தில் உருவம் தெளியும். 20 மடங்கானால் அதிலும் பாதி. வெயில் பாசியின் மேல் விழ வேண்டும், உங்கள் தொப்பியின் நிழல் விழக்கூடாது.

ஒரு சிறிய தெளிப்புப் போத்தல் கொண்டு போங்கள். அதில் மழைநீரையே நிரப்புங்கள். வன்னியின் பல கிணறுகளில் நீர் கடினமானது, சுண்ணாம்பு கலந்தது. அந்த நீரைத் தெளித்துக் காயவிட்டால் இலையில் வெள்ளைத் துகள் படியும். வில்லையில் அது இலையின் நுண்முளைபோலவும் வெண்ணிற நுனிபோலவும் தோன்றி ஏமாற்றும். பாசி ஒன்று திடீரென 'வெள்ளி நிறம்' காட்டினால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள்.

இவற்றோடு முனை கூரிய சாவணம் ஒன்று, மழுங்கிய சிறு கத்தி, மில்லிமீற்றர் குறியிட்ட அடிமட்டம், பென்சில், ஒரு வெள்ளை அட்டை, கடதாசி உறைகள் ஆகியன போதும். பேனா மை ஈரத்தில் கரையும். பொலித்தீன் பை வேண்டாம். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

போகும் இடம்

வன்னியில் இதைச் சொல்லாமல் எந்தக் களக் குறிப்பையும் எழுதக்கூடாது: மிதிவெடி அகற்றி முடியாத நிலங்கள் இன்னும் இருக்கின்றன. மண்டையோட்டுக் குறியுடைய சிவப்புப் பலகை, குறித்துக் கட்டிய நாடா, ஆள் நடமாட்டமில்லாத பழைய மண் அணை, பதுங்குகுழி ஆகியவற்றுக்குக் கிட்டப் போகாதீர்கள். ஊர் ஆட்கள் அன்றாடம் நடக்கும் பாதையை விட்டு இறங்க வேண்டாம். புதிய இடமானால் முதலில் கிராம அலுவலரிடமோ அங்கே வயல் செய்பவர்களிடமோ கேளுங்கள். பாசிக்காகக் காட்டுக்குள் போயே ஆக வேண்டும் என்றில்லை. வீட்டு மதில், கோயில் கேணி, தென்னையின் அடி, வாய்க்கால் ஓரம் ஆகிய நாலு இடங்களே ஒரு பருவத்துக்குப் போதும்.

ஒதுக்கிய காடுகளில் எதையும் எடுக்க வனவளத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். சரணாலயங்களில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தொல்லியல் சின்னங்களில் வளரும் பாசியைச் சுரண்டவே கூடாது, படம் எடுத்தால் போதும். கல்லைப் புரட்டுவதற்கு முன் தடியால் தட்டுங்கள், சுருட்டை விரியனும் தேளும் அடியில் கிடக்கும். குளத்து ஓரத்தில் குந்தியிருந்து பார்ப்பதானால் முதலை உள்ள குளமா என்று கேட்டுவிட்டுக் குந்துங்கள்.

முதற் படி: பாசிதானா என்று பாருங்கள்

ஈரத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் இந்த வழிகாட்டி பேசும் பாசி அல்ல. விரலால் தொட்டால் வழுக்கி, நூலாகவோ சளியாகவோ இழுபடுவது அல்கா. மழைக்குப் பின் வெறுந்தரையிலும் சீமெந்து நிலத்திலும் கரும்பச்சை ஜெலிபோலப் பொங்கி, வெயிலில் கறுத்த பொருக்காகச் சுருங்குவது நொஸ்ரொக். மதிலிலும் மரத்திலும் செம்மஞ்சளாகப் படர்ந்திருப்பதும் ஒருவகை அல்காவே. சாம்பல் அல்லது வெளிர்பச்சை நிறத்தில் பட்டையோடு ஒட்டி, தண்டும் இலையும் இல்லாமல் இருப்பது இலைக்கன்.

உண்மையில் குழப்பம் தருவது பாசிக்கு நெருங்கிய உறவான ஈரலுருத் தாவரம்தான். நெல் வெட்டிய வயலின் ஈரச் சேற்றில் இரண்டாகப் பிரிந்து பிரிந்து வட்டமாக ஒட்டிக்கிடக்கும் ரிக்சியாவை யாரும் மாற்றிச் சொல்லமாட்டார்கள், அதற்கு இலையே இல்லை. மரப்பட்டையில் ஒட்டிப் படரும் இலையுள்ள வகைகளில்தான் கவனம் வேண்டும். அவற்றின் இலைகள் தண்டின் இரு பக்கமும் இரண்டு வரிசையாக நிற்கும், நடுநரம்பு இராது, இலை பெரும்பாலும் மடலாகப் பிரிந்திருக்கும். புருலானியா என்னும் செங்கபில வகையின் அடிப்பக்கத்தை வில்லையில் பார்த்தால் ஒவ்வொரு இலைக்குக் கீழும் சிறு பை ஒன்று தெரியும். வித்தி தரும் உறுப்பிலும் வேறுபாடு உண்டு. ஈரலுருவின் காம்பு நிறமற்றது, மென்மையானது, விரைவில் துவண்டுவிடும். அதன் கலன் பெரும்பாலும் நாலாகப் பிளக்கும். பாசியின் காம்பு கம்பிபோல் விறைத்து வாரக்கணக்கில் நிற்கும்; கலனின் நுனியில் மூடி கழன்று விழும்.

இரண்டாம் படி: நிற்கிறதா, படர்கிறதா

பாசிகளை இரண்டு பெருங்கூட்டமாகப் பிரிக்க இந்த ஒரு கேள்வி போதும். நிமிர்ந்து, நெருங்கி, மெத்தையாகவோ குஞ்சமாகவோ வளர்ந்து, வித்திக்கலனின் காம்பு தண்டின் நுனியிலிருந்து எழும்பினால் அது ஒரு கூட்டம். கிளைத்து, பாயாகப் படர்ந்து, காம்பு தண்டின் பக்கத்திலிருந்து எழும்பினால் மற்றக் கூட்டம். வறண்ட வன்னியின் திறந்த வெளிகளில் கண்ணில் படுவது பெரும்பாலும் முதற் கூட்டம். படரும் கூட்டத்தைக் காண ஆற்றோரக் காட்டின் நிழலுக்கோ உக்கும் மரக்கட்டைக்கோ எப்போதும் கசியும் கல்லுக்கோ போக வேண்டும்.

இங்கே நேரும் பிழை ஒன்றுதான். நிமிரும் பாசிகள் பல, காம்பு எழுந்த பிறகும் அதற்குக் கீழிருந்து புதிய தளிர் விடும். அப்போது காம்பு பக்கத்திலிருந்து வந்ததுபோலத் தெரியும். ஒரு தண்டைத் தனியே பிரித்து, மண்ணைக் கழுவி, வெள்ளை அட்டையில் வைத்துக் காம்பின் அடியைத் தொடர்ந்து பாருங்கள். காம்பு புறப்படும் இடத்தைச் சுற்றி நீண்ட இலைகள் சூழ்ந்திருக்கும். அந்த இடம் பழைய தண்டின் உச்சியா, பக்கத்தில் முளைத்த சிறு மொட்டா என்பது அப்போது தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: காய்ந்ததும் நனைந்ததும்

காலை பனி உலர்ந்த பிறகு, ஒன்பது மணிக்கு மேல், மழையில்லாத நாளில் போங்கள். பாசி காய்ந்திருக்கும். முதலில் ஒரு படம் எடுத்து, இலை என்ன செய்திருக்கிறது என்று எழுதுங்கள்: உள்நோக்கிக் குழாயாகச் சுருண்டதா, தண்டைச் சுற்றித் திருகியதா, தண்டோடு ஒட்டியதா, சுருள் சுருளாக நெளிந்ததா, மாற்றமில்லையா? பிறகு இரண்டு மூன்று முறை தெளித்துவிட்டு, வில்லையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருங்கள். மதிலில் வளரும் ஹையோபிலா என்னும் பாசி ஒரு நிமிடத்துக்குள்ளேயே விரியத் தொடங்கும். தடித்த பழைய மெத்தை முழுதாக விரியப் பத்து நிமிடமும் எடுக்கலாம். விரிந்தபின் இன்னொரு படம். இரண்டு படத்திலும் அடிமட்டம் தெரிய வேண்டும்.

மழை நாளில் போனால் காய்ந்த கோலம் கிடைக்காது. அப்போது சிறு துண்டை உறையிலிட்டு வீட்டில் காயவிட்டுப் பாருங்கள். மின்விசிறிக் காற்றுப் போதும்; அடுப்புச் சூட்டில் வைத்தால் இலை இயல்பை மீறிச் சுருங்கும்.

நான்காம் படி: இலை

இலையில் பார்க்க வேண்டியவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அடுக்கு: தண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் நிற்கிறதா, இரண்டு வரிசையாகத் தட்டையாக நிற்கிறதா? அடுத்தது நடுநரம்பு: உண்டா, இல்லையா? உண்டென்றால் பாதியில் நிற்கிறதா, நுனிவரை போகிறதா, நுனியைத் தாண்டி முள்ளாக நீள்கிறதா? வெளிச்சத்துக்கு எதிரே ஈர இலையைப் பிடித்தால் இது எளிதாகத் தெரியும். அதன் பிறகு நுனி கூரா மழுங்கலா, ஓரத்தில் பல் உண்டா, ஓரம் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, இலைக்கக்கத்திலோ நுனியிலோ பச்சைத் துகள் உண்டா? கழன்று விழுந்து புதிய செடியாகும் இந்தத் துகளே ஜெம்மா. வறண்ட நாட்டில் வித்தியைவிட இதை நம்பிப் பரவும் பாசிகள் உண்டு. ஆகவே காம்பே கிடைக்காத செடியிலும் ஜெம்மா பெயரைக் காட்டிக்கொடுக்கும்.

நிறத்தை எழுதி வையுங்கள், ஆனால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே பாசி நிழலில் கரும்பச்சை, வெயிலில் மஞ்சட்பச்சை, கிறவல் தூசு படிந்தால் செங்கபிலம்.

ஐந்தாம் படி: வித்திக்கலன்

காம்பின் நீளத்தை அளவுங்கள். கலன் நிமிர்ந்து நிற்கிறதா, சாய்ந்ததா, தலைகீழாகத் தொங்குகிறதா? உருளையா, பேரிக்காய் வடிவமா, உருண்டையா? இளம் கலனின் மேல் இருக்கும் மெல்லிய தொப்பி ஒரு பக்கம் மட்டும் கிழிந்ததா, சுற்றிவரக் கிழிந்ததா, மயிர் உள்ளதா? தொப்பி காற்றில் பறந்துவிடும், ஆகவே இளசும் முதிர்ந்ததுமாக இரண்டு நிலையும் தேடுங்கள்.

மூடி விழுந்த கலனின் வாயைச் சுற்றியுள்ள பற்களை எண்ணுவதுதான் மிகப் பயனுள்ள வேலை. 20 மடங்கு வில்லை வேண்டும். பற்கள் ஈரத்துக்கு அசைபவை: காய்ந்தால் பெரும்பாலும் விரியும், உங்கள் மூச்சுக் காற்றுப் பட்டாலே மூடும். எண்ணும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் சாதிகளில் ஒக்ரோபிளெபாரத்துக்கு 8 பற்கள். பிசிடென்சுக்கு 16, ஒவ்வொன்றும் நுனியில் இரண்டாகப் பிளந்து சிவந்திருக்கும். பிரையத்துக்கு 16 பற்கள் கொண்ட இரண்டு வளையங்கள். ஹையோபிலாவுக்கும் கலிம்பெரசுக்கும் பற்களே இல்லை. பற்கள் இல்லாதது வேறு, பழைய கலனில் பற்கள் உடைந்து போனது வேறு. ஆகவே ஒரு கலனை மட்டும் பார்த்து 'பல் இல்லை' என்று எழுதாதீர்கள். மூடி இப்போதுதான் கழன்ற மூன்று நாலு கலன்களையாவது பாருங்கள்.

மதிலும் கிணற்றுக் கட்டும்

புதுச் சீமெந்தில் பாசி வராது, அதன் காரத்தன்மை கடுமையானது. சில மாரி கண்ட சீமெந்து, சுண்ணாம்புச் சாந்து, ஓட்டுக்கூரையின் நிழல் பக்கம் ஆகியவற்றில் நாலு பாசிகளை எதிர்பார்க்கலாம்.

ஹையோபிலா இன்வொலூற்றா: சுண்ணாம்பும் ஈரமும் உள்ள சுவர், படி, வாய்க்கால் கட்டு. உயரம் ஏறத்தாழ அரையிலிருந்து ஒன்றரைச் சென்ரிமீற்றர். காய்ந்தால் இலையின் இரு ஓரமும் உள்நோக்கிச் சுருண்டு குழாயாகி, மேலே வளைந்து, கறுத்த கபிலமாகத் தெரியும். நனைத்தால் நாக்குவடிவ இலை அகலமாக விரியும். மேற்பாதியின் ஓரத்தில் சிறு பற்கள் தெரியும். நடுநரம்பு நுனிவரை போகும். இலைக்கக்கத்தில் நட்சத்திர வடிவ ஜெம்மாக்கள் இருக்கலாம்.

பார்புலா இன்டிக்கா: அதே சுவரில் ஹையோபிலாவுக்குப் பக்கத்திலேயே வளரும், அதனால்தான் குழப்பம். இது சிறியது, இலை ஏறத்தாழ 2 மில்லிமீற்றருக்குள். காய்ந்தால் குழாயாகாமல் தண்டைச் சுற்றித் திருகும். ஓரத்தில் பல் இல்லை. நடுநரம்பின் முதுகுப்புறம் சொரசொரப்பானது. இலையைக் கவிழ்த்து 20 மடங்கில் பார்த்தால் தெரியும். ஜெம்மாக்கள் கக்கத்தில் கொத்தாக இருக்கும்.

பிரையம் ஆர்ஜென்ரியம்: நடைபாதை இடுக்கு, ஓட்டின் பள்ளம், மிதிபடும் சீமெந்து. இலை 1 மில்லிமீற்றர்கூட வராது. ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி ஒட்டுவதால் ஒவ்வொரு தளிரும் மழுங்கிய சிறு உருளையாக இருக்கும். இலையின் மேற்பகுதிக் கலங்களில் (செல்களில்) பச்சையம் இல்லாததால் வெள்ளி மினுக்கம். நனைத்தாலும் அந்த மினுக்கம் முற்றாக மறையாது. சுண்ணாம்புப் படிவா, உண்மையான வெள்ளியா என்று பிரிக்க இதுவே வழி. நிழலில் வளர்ந்தால் மினுக்கம் குறையும், ஆனால் உருளைத் தளிர் மாறாது.

பிரையம் கொறோனாற்றம்: வெளித்தரை, மதிலடி, பூச்சட்டி மண். இலையை வைத்து இதைச் சொல்வது கடினம். கலன் வந்துவிட்டால் தூரத்திலிருந்தே சொல்லலாம்: செந்நிறக் காம்பின் நுனியில் கலன் தலைகீழாகத் தொங்கும். காம்போடு சேரும் கழுத்துப் பகுதி புடைத்து, கலனின் உடலைவிட அகன்று, முதிரும்போது சுருக்கம் விழுந்திருக்கும். இப்படிப் புடைத்த கழுத்து வன்னியின் மதில்களில் வேறு எதற்கும் இல்லை. கலன் இல்லாத பிரையத்துக்குப் 'பிரையம், இனம் தெரியாது' என்று எழுதுவதே நேர்மை.

மரப்பட்டை

பட்டை உரிந்து விழும் மரத்தில் பாசி நிலைக்காது; கரடுமுரடான, நீரைப் பிடித்து வைக்கும் பட்டையே அதற்கு வேண்டும். தென்னையின் அடிமரம், மட்டை விழுந்த பனையின் தண்டு, பழைய மா, புளி, கனகராயன் ஆறு, பேராறு, பாலியாறு போன்றவற்றின் கரையில் நிற்கும் மருது ஆகியவற்றைப் பாருங்கள். நிலத்திலிருந்து இடுப்பளவுவரை ஒரு வகையும் அதற்கு மேலே வேறு வகையும் இருக்கலாம், உயரத்தையும் எழுதுங்கள்.

ஒக்ரோபிளெபாரம் அல்பிடம் வெண்பச்சையாக, காய்ந்தால் ஏறத்தாழ வெள்ளையாகவே இருக்கும். இலை தடித்தது, தட்டையானது, நாலாபக்கமும் விரிந்து நிற்கும். காய்ந்தாலும் வடிவம் பெரிதாக மாறாது. விரல் பட்டால் ஒடியும், ஒடிந்த துண்டும் முளைக்கும். குட்டையான காம்பில் கலன் நிமிர்ந்து நிற்கும், 8 பற்கள். மலைநாட்டு லூக்கோபிரயத்தின் படத்தைப் பார்த்துவிட்டு இதற்கு அந்தப் பெயரைச் சூட்டுவோர் உண்டு. லூக்கோபிரயத்துக்குக் கலன் சாய்ந்திருக்கும், பற்கள் 16.

கலிம்பெரஸ் கரும்பச்சைக் குஞ்சங்களாகத் தென்னையடியிலும் நிழல் மரங்களிலும் வளரும். காய்ந்தால் இலைகள் உள்நோக்கி வளைந்து நெளியும். நனைத்து 10 மடங்கில் இலை நுனிகளை மட்டும் தேடுங்கள்: சில இலைகளில் நடுநரம்பு நுனியைத் தாண்டி நீண்டு, அதன் உச்சியில் பச்சை ஜெம்மாக்கள் கொத்தாக இருக்கும். எல்லா இலையிலும் இராது, ஒரு குஞ்சத்தில் பத்து இருபது தளிராவது பார்த்தால்தான் அகப்படும். இலை ஒன்றை அடியோடு இழுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தால், அடியில் நடுநரம்பின் இரு பக்கமும் வெறுங்கலங்களாலான வெண்மையான திட்டு தெரியும். ஜெம்மா கிடைக்காதபோது இந்தத் திட்டே துணை. கலன் கிடைத்தால் இன்னும் நல்லது. தொப்பி விழாமல் கலனைப் போர்த்தியபடியே இருக்கும். அதில் நெடுக்குப் பிளவுகள் திறந்து வித்தி வெளியேறும்.

படரும் பாசிகளில் வெளிர் மஞ்சட்பச்சையாகத் தட்டையான பாயாகப் பட்டையிலும் உக்கிய கட்டையிலும் ஒட்டி, இலையில் நடுநரம்பே இல்லாவிட்டால் ரக்சிதீலியம் என்று சந்தேகியுங்கள். உறுதிசெய்ய நுணுக்குக்காட்டி வேண்டும்: ஒவ்வொரு கலத்தின் மேலும் நுண்முளைகள் வரிசையாக இருக்கும். நடுநரம்பு ஒன்று இலையின் பாதிவரை போனால் அது வேறு கூட்டம், தனியே உறையிலிடுங்கள்.

மண், புற்று, குளக்கட்டு

ஆற்றங்கரை வெட்டுமண், நிழலிலுள்ள புற்றின் சரிவு, வாய்க்காலின் ஈரப் பக்கம் ஆகியவற்றில் பிசிடென்ஸ் வளரும். சிலது 3 மில்லிமீற்றரிலேயே முழுச் செடி. இலைகள் இரண்டு வரிசையாக, ஒரே தளத்தில், சிறு இறகுபோல் அடுக்கியிருக்கும். இலையுள்ள ஈரலுருவோடு இதை மாற்றிவிடாமல் இருக்க இரண்டு சான்று: நடுநரம்பு உண்டு, ஒவ்வொரு இலையின் அடிப்பாதியும் இரண்டு தகடாகப் பிரிந்து தண்டையும் மேல் இலையின் அடியையும் இடையில் பிடித்திருக்கும். ஊசி முனையால் அந்தத் தகடுகளை விரித்துப் பாருங்கள். வேறு எந்தச் சாதிக்கும் இந்த அமைப்பு இல்லை. சாதிவரை இதுபோல் எளிதானது வேறில்லை; இனத்துக்குப் போவதுதான் கடினம். இலையோரத்தில் நீண்ட ஒடுங்கிய கலங்களாலான கரை முழுவதும் உண்டா, அடித்தகட்டில் மட்டுமா, இல்லவே இல்லையா என்பதையும், கலத்தின் மேல் நுண்முளை உண்டா என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். இலங்கையின் பெயரையே தாங்கிய பிசிடென்ஸ் சிலோனென்சிஸ் இந்தச் சாதியைச் சேர்ந்தது. ஊர்மக்கள் வழிபடும் புற்றில் கைவைக்க வேண்டாம்.

குளக்கட்டின் கசிவு, துருசின் (மதகின்) ஓரம், வான் (குளம் நிரம்பி வழியும் இடம்) பாயும் கற்கள் போன்ற எப்போதும் நீர் சொட்டும் இடத்தில் வெளிர்பச்சையாக நிமிர்ந்து, தண்டு சிவந்து, அடியில் செங்கபில வேர்ப்போலிகள் அடர்ந்திருந்தால் பிலோனோற்றிஸ். கலன் உருண்டையானது, காய்ந்தால் நெடுக்கே வரி விழும். அதே ஈரக்கல்லில் கிளைத்துப் படரும் மென்மையான பாசி, நடுநரம்பு இல்லாமல் இருந்தால், வெசிக்குலேரியாவாக இருக்கலாம். வான்கல் மிக வழுக்கும். நீர் பாயும்போது ஏறாதீர்கள்.

நீர் வற்றிய வண்டலில் சில கிழமைகளே வாழும் மிகச் சிறிய பாசிகள் வரும். வெளிர்பச்சை இலை, 20 மடங்கு வில்லையிலேயே தெரியுமளவு பெரிய கலங்கள், அகன்ற வாயோடு பற்களில்லாத குட்டைக் கலன் என்றால் பிஸ்கோமிற்றியம். தாமதித்தால் அடுத்த கிழமை இராது.

உயர்தர உயிரியலில் படித்த பொகொனேற்றத்தை இங்கே தேடி ஏமாற வேண்டாம். அது மலைநாட்டின் குளிர்ந்த வெட்டுச் சரிவுகளுக்கு உரியது. ஸ்பக்னமும் அப்படியே.

நுணுக்குக்காட்டியின் கீழ்

உயர்தர உயிரியல் கற்பிக்கும் பாடசாலை ஆய்வுகூடத்தின் நுணுக்குக்காட்டி போதும். நனைந்த தளிரை வழுக்கியில் ஒரு துளி நீரில் வைத்து, நுனியை ஊசியால் அழுத்திக்கொண்டு, சாவணத்தால் இலையைத் தண்டின் அடிப்பக்கமாக இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் இலையின் அடி தண்டிலேயே தங்கிவிடும். கலிம்பெரசுக்கும் பார்புலாவுக்கும் அந்த அடிதான் முக்கியம். மூடித்துண்டைச் சரித்து இறக்கினால் காற்றுக்குமிழி வராது.

முதலில் 100 மடங்கில் இலை முழுவதையும், பிறகு 400 மடங்கில் இலையின் நடுப்பகுதிக் கலங்களையும் பாருங்கள். பிரையத்தின் கலங்கள் பெரியவை, சாய்சதுரம், வழுவழுப்பு. ஹையோபிலா, பார்புலாவின் கலங்கள் சிறியவை, ஏறத்தாழச் சதுரம் அல்லது வட்டம், முதிர்ச்சியில் இருண்டு தெரியும். ஒக்ரோபிளெபாரத்தின் இலை பல அடுக்கு, பச்சைக் கலங்கள் உள்ளே புதைந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் புரியாது. அதற்குக் குறுக்குவெட்டு வேண்டும். தளிரை வழுக்கியில் வைத்து, இன்னொரு வழுக்கியின் விளிம்பால் அழுத்தி, அந்த விளிம்பைச் சிறிது சிறிதாகப் பின்னே நகர்த்தியபடி புதிய பிளேட்டால் அடுத்தடுத்து வெட்டுங்கள். இருபது வெட்டில் இரண்டு மூன்று மெல்லியதாக வரும். மங்கிய பிளேட் நசுக்கிவிடும்.

எடுத்தலும் வைத்தலும்

இரண்டு விரல் அகலத் துண்டு போதும், மீதி அங்கேயே இருக்கட்டும். இந்த நிலத்தில் ஒரு மெத்தை உருவாகப் பல மாரி எடுக்கும். காம்பும் கலனும் உள்ள துண்டைத் தேர்ந்து, அடியில் மண்ணைக் குறைத்து எடுங்கள். ஓர் உறையில் ஒரு பாசி மட்டும் என்பது நல்ல விதி, ஆனால் மதிலில் இரண்டு மூன்று வகை கலந்தே வளரும். கலவையைக் கண்டால் 'கலவை' என்று உறையிலேயே எழுதிவிடுங்கள். ஒன்றின் இலையையும் மற்றதின் கலனையும் சேர்த்து இல்லாத பாசி ஒன்றை உருவாக்கிவிடும் பிழை இங்கேதான் நேர்கிறது.

உறை செய்ய ஏ4 தாள் போதும். தாளை நெடுக்காக வைத்து, மேலே 7 சென்ரிமீற்றர் விட்டுக் கீழ்ப்பாதியை மேலே மடியுங்கள். இரு பக்கமும் மூன்றரைச் சென்ரிமீற்றர் பின்னால் மடித்து, மேல்மடிப்பைக் கீழே இறக்குங்கள். ஏறத்தாழ 14க்கு 11 சென்ரிமீற்றர் உறை கிடைக்கும், பசை வேண்டாம். பொலித்தீனில் வைத்தால் மாரிக்காலப் புழுக்கத்தில் பூஞ்சணம் பிடித்து இலை கறுத்துவிடும். புத்தகத்துக்குள் அழுத்தினால் காய்ந்த கோலம் கெடும். உறையோடு நிழலில் காற்றுப்படப் பரப்பினால் பாசி தானாகக் காயும். நன்றாகக் காய்ந்தது பல ஆண்டு கழித்தும் நனைத்தால் விரியும். கறையானும் வெள்ளிப் பூச்சியும் அணுகாத இறுக்கமான பெட்டியில் வையுங்கள்.

உறைமேல் ஊர், குளம் அல்லது ஆறு, திகதி, எதன்மேல் வளர்ந்தது, நிழலா வெயிலா, நிலத்திலிருந்து உயரம், எடுத்தவர் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். 'மரம்' என்று எழுதினால் பயனில்லை. 'மருது, வடபக்கப் பட்டை, 1.2 மீற்றர் உயரம்' என்று எழுதுங்கள்.

இலங்கையில் 500க்கு மேற்பட்ட பாசி இனங்கள் பதிவாகியுள்ளன. 19ஆம் நூற்றாண்டில் பேராதனைத் தாவரவியல் பூங்காவைப் பொறுப்பேற்றிருந்த துவைற்ஸ் சேகரித்தவை 1870களில் பட்டியலாக வெளிவந்த காலத்திலிருந்தே கவனம் பெரும்பாலும் மலைநாட்டின் மேல்தான். உலர்ந்த வடக்கின் பதிவுகள் அருமை. ஆகவே சாதிவரை பெயர் சொல்லிவிட்டு இனத்தில் நின்றுபோன உறையை எறிந்துவிடாதீர்கள். அதில் ஒரு பாதியைப் பிரித்து அதே விவரக்குறிப்போடு பேராதனைத் தேசிய உலர்தாவரகத்துக்கோ பல்கலைக்கழகத் தாவரவியல் துறை ஒன்றுக்கோ அனுப்புங்கள். மறுபாதியை அதே இலக்கமிட்டு உங்களிடமே வைத்திருங்கள். பதில் வரும்போது ஒப்பிட அது வேண்டும்.